வாங்கில் அமரும் உரிமை

குடியாட்சி நடைபெறும் நாட்டிலே பொதுமகனுக்குரிய கடமை, தேர்தல் நாளன்று வாக்குச்சாவடிக்குச் சென்று புள்ளடியிட்டு வீடு திரும்புவதோடு முடிந்துவிடுகின்றது என எண்ணுவோர் பலர். கொள்கை வகுப்போர் தலைநகரில் இருக்கின்றனர். சட்டம் இயற்றுவோர் சபையில் இருக்கின்றனர். கிராமத்துப் பாடசாலை ஆசிரியரும், பனையேறும் தொழிலாளியும், சலவைத் தொழிலாளியும் அவர்களுடைய போக்கை எவ்வாறு மாற்றுதல் கூடும் என்பது இவர்களுடைய கேள்வி. கேள்வி நியாயமானதே. அரசியல் நூல்களைப் புரட்டி அதற்கு விடை தேடுவதிலும், யாழ்ப்பாணக் குடாநாட்டில் கடந்த நூறு ஆண்டுகளுக்குள் நடந்தவற்றை நோக்குவது பயனுடைத்து. அங்கே இக்கேள்விக்கு விடையளித்தவர்கள் பெரும்பாலும் பட்டம் பதவி இல்லாதவர்களே.

பாடசாலையில் மாணவர் வரிசையாக அமரும் நீண்ட மர ஆசனத்தை யாழ்ப்பாணத்தார் 'வாங்கு' என்பர். போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்களுள் அதுவும் ஒன்று. 1920ஆம் ஆண்டுகளில் குடாநாட்டுப் பாடசாலைகள் பலவற்றில் அந்த வாங்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியதாக இருக்கவில்லை. தாழ்த்தப்பட்டவர்கள் எனப்பட்ட குலங்களிற் பிறந்த பிள்ளைகள், பாடசாலையில் இடம் கிடைத்தாலும், நிலத்திலேயே இருத்தப்பட்டனர். சில இடங்களில் வகுப்பறைக்கு வெளியே நின்று பாடங் கேட்டனர். ஆசிரியர் ஒருவரே, பாடமும் ஒன்றே, கரும்பலகையும் ஒன்றே. வாங்குமட்டும் வேறாயிருந்தது.

இப்பாடசாலைகளை நடத்தியவர்கள் கிறித்தவ மிஷன் சங்கத்தாரும் சைவ சபையாரும் ஆவர். எனினும் அவற்றிற் பெரும்பாலானவை அரசாங்கத்திடமிருந்து உதவிப்பணம் பெற்று வந்தன. இச்செய்தி சிறிதாகத் தோன்றினும் பின்னர் நிகழ்ந்தவற்றுக்கெல்லாம் இதுவே திறவுகோல். ஊர்ப் பெரியவர்களின் மனத்தை மாற்றுவது எளிதன்று. ஆயின் உதவிப்பணம் பொதுமக்களின் வரிப்பணமன்றோ? அப்பணத்தைப் பெறும் நிறுவனம் எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாக நடத்த வேண்டும் என்று கேட்பதற்கு, அப்பணத்தை வழங்குபவரிடம் முறையிடலாம். சமத்துவத்தை விரும்பியோர் பற்றிக்கொண்ட பிடி அதுதான். ஒடுக்கப்பட்ட மக்களின் சார்பில் முறையீடுகள் எழுந்தன. மிஷன் பாடசாலைகளைச் சேர்ந்தவர்கள் சிலரும், படித்த இளைஞர்கள் சிலரும் குரல் சேர்த்தனர்.

அவ்விளைஞர்கள் 1924இல் யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ் என்னும் அமைப்பை ஏற்படுத்தியிருந்தனர். பின்னாளில் வாலிபர் காங்கிரஸ் என்று பெயர் பெற்ற சங்கம் இதுவே. இதன் உயிர்நாடியாக விளங்கியவர் ஹண்டி பேரின்பநாயகம் என்னும் ஆசிரியர். உறுப்பினர்களுட் பலரும் ஆசிரியர்களும் மாணவர்களுமே. அவர்கள் கையில் பணமோ அதிகாரமோ இருக்கவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை கூடினர்; தீர்மானங்கள் நிறைவேற்றினர்; தீண்டாமை ஒழிய வேண்டும் என்றனர். இவ்வளவோடு நின்றிருப்பின், கூடிக் கலைந்த எத்தனையோ சங்கங்களுள் ஒன்றாகவே அதுவும் மறக்கப்பட்டிருக்கும். அவர்கள் செய்த மற்றொரு காரியந்தான் குறிப்பிடத்தக்கது. தங்கள் மாநாடுகளில் எல்லாக் குலத்தாரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ண வேண்டும் என விதித்தனர், அவ்வாறே உண்டனர். சமபந்தி போசனம் இன்று பெரிய காரியமாகத் தோன்றாது. அன்று அப்பந்தியில் அமர்ந்த இளைஞன், உண்டு முடித்துக் கைகழுவிவிட்டுத் தன் தாய் தந்தையரிடமும், பெண் கொடுக்க இருந்தவர்களிடமும் விடைசொல்ல வேண்டியிருந்தது.

1927ஆம் ஆண்டு நவம்பரில் மகாத்மா காந்தி யாழ்ப்பாணத்துக்கு வந்ததும் இவ்விளைஞர்களின் அழைப்பை ஏற்றே. கதர் நிதிக்குப் பொருள் திரட்டும் பொருட்டு இலங்கை வந்த அவர், குடாநாட்டிலே பேசியபோது தீண்டாமையைப் பற்றியும் பேசாது விடவில்லை. மாலையிட்டு வரவேற்றோர் எல்லாரும் அப்பேச்சை மனத்தில் ஏற்றனர் என்று கொள்வதற்கில்லை. ஏற்கவில்லை என்பதற்குச் சில ஆண்டுகளிலேயே சான்று கிடைத்தது.

1929இல் அரசாங்கம் உதவிப்பணம் பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் வழங்கப்படவேண்டுமெனப் பணித்தது. அடுத்த ஆண்டு அப்பணிப்பு நடைமுறைக்கு வரத் தொடங்கியதும் குடாநாட்டின் பல பகுதிகளிற் கொந்தளிப்பு எழுந்தது. பெற்றோர் தம் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பாது நிறுத்தினர். சில பாடசாலைகள் இரவோடிரவாகத் தீக்கிரையாயின. கிடுகும் ஓலையும் வேய்ந்த கொட்டில்களை எரிப்பதற்கு அதிக முயற்சி வேண்டியதில்லை. சம ஆசனத்தை நீக்கவேண்டுமென்று கோரி மகஜர்களும் அரசாங்கத்துக்குச் சென்றன. சேர் பொன்னம்பலம் இராமநாதனைப் போன்ற பெரும் புகழ் வாய்ந்த தலைவர்களே பழைய வழக்கத்தின் பக்கம் நின்றனர்.

இங்கே ஒன்றைக் கருதுதல் வேண்டும். பொதுமக்கள் ஒன்றுகூடி மகஜர் எழுதுவதையும், கையொப்பம் திரட்டுவதையும், தூது செல்வதையும் மக்களாட்சியின் அணிகலன்களாகப் போற்றுவது வழக்கம். நிலத்தில் இருத்தப்பட்ட குழந்தையை அங்கேயே இருத்திவைக்க வேண்டும் என்று கேட்டவர்களும் இதே கருவிகளையே கையாண்டனர். அவர்களும் பொதுமக்களே, அவர்களுடைய கையொப்பங்களின் தொகையும் சிறிதாக இருந்திராது. கத்தி காயை நறுக்கும், விரலையும் நறுக்கும். கையொப்பங்களின் தொகையைக்கொண்டு ஒரு கோரிக்கையின் நியாயத்தை அளப்பது தவறு என்பதற்கு யாழ்ப்பாணத்துச் சம ஆசன வரலாற்றிலும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

எதிர்ப்புக்கிடையிலும் அக்குழந்தைகள் வாங்கில் அமர்ந்தனர். எல்லா இடங்களிலும் ஒரே நாளில் அன்று. ஓரிடத்தில் ஒரு தலைமையாசிரியர் துணிந்து அமர்த்தினார். வேறோரிடத்தில் தலைமையாசிரியர் காலங்கடத்தினார். எரிந்த கொட்டிலின் அருகே மறுபடியும் கொட்டில் எழுந்தபோது, தன் பிள்ளையை மறுநாளும் அனுப்பிவைத்த தாயின் பெயர் எந்த வரலாற்று நூலிலும் இல்லை. பணிப்பை எழுதியவர் ஒருவர். அதற்காக மன்றாடியவர் பலர். அதை உண்மையாக்கியவள் அந்தத் தாய். கொள்கையை மாற்றுவதென்பது இந்த மூன்றாவது கட்டத்தையும் உள்ளடக்கியதே.

வாலிபர் காங்கிரஸ் கையாண்ட மற்றொரு கருவி பகிஷ்காரம். டொனமூர் அரசியற்றிட்டம் பூரண சுயாட்சியை வழங்கவில்லை என்ற காரணத்தால், 1931ஆம் ஆண்டு அரசாங்க சபைத் தேர்தலைப் புறக்கணிக்குமாறு அது அறைகூவியது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒருவராவது நியமனப் பத்திரம் தாக்கல் செய்யவில்லை. இளைஞர் சங்கம் ஒன்று இவ்வளவு செல்வாக்குப் பெற்றமை வியப்புக்குரியது. ஆயின் அதே டொனமூர்த் திட்டமே இருபத்தொரு வயது நிரம்பிய ஆண், பெண் எல்லாருக்கும் வாக்குரிமை வழங்கியிருந்தது. குடாநாட்டுப் பெண்களும் ஒடுக்கப்பட்ட மக்களும் முதன்முதலாக வாக்களிக்கவிருந்த தேர்தல் அது. சுயாட்சியின் பெயரால் அந்த முதல் வாய்ப்பு அவர்களுக்குக் கிட்டாமற் போயிற்று. 1934இல் இடைத்தேர்தல் நடக்கும்வரை நான்கு ஆசனங்களும் வெறுமையாகவே இருந்தன. நோக்கம் உயர்ந்ததாயினும், தியாகத்துக்கான விலையை யார் செலுத்துகின்றனர் என்பதையும் இயக்கம் நடத்துவோர் எண்ணிப் பார்த்தல் நன்று.

வாக்குரிமை கைக்கு வந்த பின்னர் ஒடுக்கப்பட்ட மக்களின் நிலை மெல்ல மாறிற்று. வேட்பாளர் அவர்களுடைய குடியிருப்புக்கும் வரவேண்டியதாயிற்று. பிறர் தமக்காகப் பேசுவதை எதிர்பார்த்திராமல் தாமே பேசுவதற்குச் சங்கம் அமைத்தனர். 1940களில் தோன்றிய அகில இலங்கைச் சிறுபான்மைத் தமிழர் மகாசபை அவ்வகையிற் பெரும் பணி செய்தது. அதன் முன்னணித் தலைவர்களுள் எம். சி. சுப்பிரமணியம் ஒருவர். பாடசாலை வேண்டும், காணி வேண்டும், ஆசிரிய நியமனம் வேண்டும் என்று அமைச்சர்களின் வாசலுக்கு அவர்கள் அலுக்காது சென்றனர். இவ்வித அலைச்சலைப் பற்றி எழுதுவதற்கு யாரும் முன்வருவதில்லை. ஊர்வலம் செய்தியாகின்றது, கந்தோர் வாசலில் காத்திருந்த நாட்கள் செய்தியாவதில்லை.

1957இல் இலங்கைப் பாராளுமன்றம் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றிற்று. அவ்வாண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் அது. ஒருவரைச் சாதி காரணமாகப் பாடசாலையிலும் உணவுச்சாலையிலும் சிகையலங்கரிப்பு நிலையத்திலும் பொது வாகனத்திலும் வழிபாட்டிடத்திலும் தடுப்பது குற்றமாயிற்று. அதே ஆண்டு செப்டெம்பரில் அமெரிக்காவில், ஆர்க்கன்சோ மாநிலத்து லிற்றில் றொக் நகரிலே, ஒன்பது கறுப்பின மாணவர்கள் வெள்ளையர் பாடசாலை ஒன்றினுள் நுழைவதற்கு ஜனாதிபதி ஐசனோவர் படையினரை அனுப்ப நேர்ந்தது. அங்கே உயர்நீதிமன்றம் 1954இலேயே தீர்ப்பு வழங்கியிருந்தது. தீர்ப்புக்கும் பாடசாலை வாசலுக்கும் இடையே மூன்று ஆண்டுகள். யாழ்ப்பாணத்திலோ சட்டத்துக்கும் சில வாசல்களுக்கும் இடையே அதனினும் நெடிய தூரம் இருந்தது.

காரணம் என்ன? சட்டம் குற்றத்தை விளக்கியது, தண்டனையையும் கூறியது. முறைப்பாடு செய்பவர் யார்? பனையேறும் தொழிலாளி ஏறும் பனை அவருடையதன்று. அவர் குடியிருக்கும் கொட்டில் நிற்கும் நிலம் அவருடையதன்று. பல இடங்களில் குடிதண்ணீர் அள்ளும் கிணறும் பிறருடையதே. கிணற்றடியில் நின்று, யாராவது வந்து அள்ளி ஊற்றும்வரை காத்திருந்தவர்கள் அவர் வீட்டுப் பெண்கள். தேநீர்க்கடையில் தம்மைத் தடுத்தனர் என்று அவர் பொலிஸ் நிலையத்துக்குச் சென்று முறையிட்டால், மறுநாள் தொழிலும் போகலாம், இருப்பிடமும் போகலாம். சாட்சி சொல்ல இன்னொருவர் வேண்டும். அவருக்கும் அதே நிலை. வயிற்றையும் கூரையையும் பிறர் கையில் வைத்துக்கொண்டிருப்பவருக்குச் சட்டம் தனியே துணையாவதில்லை. பலர் ஒன்றாகச் சென்றால்மட்டுமே ஒருவரைத் தண்டிப்பது கடினமாகும்.

தேநீர்க்கடையே அதற்குக் களமாயிற்று. அக்காலத்துக் கடைகள் பலவற்றில் ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே அமர முடியாது. வெளியே நின்று சிரட்டையிலோ தகரப்பேணியிலோ போத்தலிலோ வாங்கிக் குடித்துவிட்டுப் போகவேண்டும். விலையில் ஒரு சதமும் குறைவில்லை. 1950களின் பிற்பகுதியில் மகாசபையார் யாழ்ப்பாண நகரத்துத் தேநீர்க்கடைகளினுள் இளைஞரை அழைத்துச்சென்று அமரச் செய்தனர். கடைகள் சில திறந்தன. நகரத்திலே திறந்தமையால் கிராமத்திலும் திறந்துவிட்டதென்று கருதிவிடலாகாது. நகரத்தில் முகமறியாதவர் பலர், கிராமத்திலோ ஒவ்வொருவருடைய பாட்டன் பெயரும் கடைக்காரருக்குத் தெரியும்.

இவ்விடத்தில் எழுத்தாளர்களின் பங்கையும் சொல்லவேண்டும். யாழ்ப்பாண நகரில் சிகையலங்கரிப்பு நிலையத்தில் தொழில் செய்துகொண்டே கதை எழுதியவர் டொமினிக் ஜீவா. 1960இல் வெளிவந்த அவருடைய 'தண்ணீரும் கண்ணீரும்' சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. 1966இல் 'மல்லிகை' என்னும் சஞ்சிகையைத் தொடங்கித் தாமே தெருத்தெருவாகச் சென்று விற்றார். கே. டானியல் கதை எழுதியதோடு இயக்கத்திலும் முன்னின்று உழைத்தவர். அவருடைய 'பஞ்சமர்' நாவல் 1972இல் வந்தது. கந்தோர்களுக்குச் சென்ற மகஜர்கள் கோவைகளில் உறங்கின. வாசகர் வீட்டுக்குள் சென்ற கதையை அவ்வாறு உறங்கவைக்க இயலவில்லை.

1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஊர்வலம் புறப்பட்டது. தூரம் ஏறக்குறைய ஆறு மைல். தீண்டாமையை எதிர்த்து இடதுசாரிகள் ஒழுங்குசெய்த அவ்வூர்வலத்தைச் சுன்னாகத்திலேயே பொலிஸார் தடியடி நடத்தித் தடுக்க முயன்றனர். அடிபட்டவர்கள் கலைந்து வீடு செல்லவில்லை; மீண்டும் அணிவகுத்து யாழ்ப்பாணத்தை அடைந்தனர். அடுத்த ஆண்டு தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம் உருவாயிற்று. சங்கானை, நெல்லியடி, கொடிகாமம் என ஊர் ஊராகத் தேநீர்க்கடை வாசல்களிலும் கோயில் வாசல்களிலும் போராட்டம் நடந்தது. அடிதடியும் குண்டெறிதலும் நிகழ்ந்தன, உயிர்களும் பலியாயின. நாடாளுமன்றத்தில் சங்கானையின் பெயர் ஒலித்தது. வன்முறையை விரும்பாதவர்கள் இப்பகுதியைக் கடந்துசெல்ல எண்ணலாம். எனினும் ஒரு கோப்பைத் தேநீரைக் கடையினுள் அமர்ந்து குடிப்பதற்கு, அதற்கான சட்டம் பத்தாண்டு முன்னரே இருந்தும், உயிர் கொடுக்கவேண்டியிருந்தது என்பதை மறைப்பது நேர்மையாகாது.

சில பெருங்கோயில்கள் 1950களிலேயே கதவைத் திறந்துவிட்டன. மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் திறக்கவில்லை. 1968ஆம் ஆண்டுத் திருவிழாக் காலத்தில் ஆண்களும் பெண்களுமாகப் பலர் அக்கோயில் வாசலில் அமர்ந்து சத்தியாக்கிரகம் செய்தனர். உள்ளே விடமாட்டோம் என்று தடுத்து நின்றோருக்குத் தலைமை தாங்கியவர் பாமரர் அல்லர்; பல்கலைக்கழகக் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்தவரும், சுதந்திர இலங்கையின் முதல் மந்திரிசபையில் அமைச்சராக இருந்தவருமான சி. சுந்தரலிங்கம். 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. சட்டம் ஏட்டிலிருந்து எழுந்து வாசலுக்கு வந்தமை அப்போதுதான் எல்லாருக்கும் புலனாயிற்று. வாசலில் யாரும் அமர்ந்திராவிடில் அவர் தடுத்திருக்கவும் வேண்டியதில்லை, வழக்குக்கும் இடமிருந்திராது.

மதுரையில் இது மறுதலையாக நிகழ்ந்தது. அங்கே 1939 ஜூலை 8ஆம் நாள் அ. வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட மக்கள் சிலரை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலினுள் சென்றார். ஆலயப் பிரவேசத்துக்குப் பாதுகாப்பளிக்கும் சட்டம் அதன் பின்னரே வந்தது. மதுரையிற் கால் முன்னே சென்றது, சட்டம் பின்னே வந்தது; மாவிட்டபுரத்தில் சட்டம் முன்னே வந்து, கால்கள் வரும்வரை பதினோராண்டு காத்திருந்தது. எவ்வகையாயினும் இரண்டும் ஒரே வாசலிற் சந்தித்தே ஆகவேண்டும்.

1970இல் எம். சி. சுப்பிரமணியம் பாராளுமன்றத்துக்கு நியமன உறுப்பினராகச் சென்றார். 1971இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்டுத் தண்டனை கடுமையாக்கப்பட்டது. பின்னர் வந்த நெடிய போர் குடாநாட்டின் வாழ்க்கையையே புரட்டிவிட்டது. இடம்பெயர்ந்தோர் முகாம்களில் பழைய வேலிகள் பலவும் சாய்ந்தன என்பர் சிலர், முகாம்களுக்குள்ளும் வேலிகள் நின்றன என்பர் வேறு சிலர். இரண்டுக்கும் சாட்சிகள் உண்டு. பாடசாலை வாங்கில் இன்று எந்தப் பிள்ளையும் அமரலாம். தேநீர்க்கடையிற் சிரட்டையும் இல்லை, தகரப்பேணியும் இல்லை. அறுபது வயதுக்குட்பட்ட யாழ்ப்பாணத்தார் பலருக்கு அவற்றைப் பற்றிச் சொன்னால் நம்புவதே கடினம்.

ஆயினும் 2018ஆம் ஆண்டில் தென்மராட்சியின் வரணிப் பகுதியில் அம்மன் கோயில் ஒன்றின் தேர்த்திருவிழாவிலே, தேரை இழுப்பதற்கு மண் அகழும் இயந்திரம் பயன்படுத்தப்பட்ட செய்தி படங்களோடு வெளிவந்தது. எல்லாக் குலத்தாரும் வடம் பிடிப்பதைத் தவிர்க்கவே அவ்வாறு செய்யப்பட்டது என்று கண்டனங்கள் எழுந்தன. சட்டப் புத்தகத்தில் 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் அப்போதும் இருந்தது. வடம் பிடிக்க விரும்பியவர்கள் வீதியோரத்தில் நின்றனர். இயந்திரம் தேரை இழுத்துச்சென்றது.